நிற்காத கப்பல்கள்

இன்று காலை மீன் வண்டிக்காரர் ஐஸ் பாறையைக் கட்டையால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். சில்லுகள் தெறித்து என் காலில் விழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது, சார்.

நெய்வேலியில் அனல் மின் நிலையம் எழுந்துகொண்டிருந்த காலம். நீங்கள் ரஷ்யாவிலிருந்து வந்த பாய்லர் இன்ஜினியர். நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்துபோன ஃபிட்டர். ஒரு மதியம் நீராவிக் குழாய் வெடித்தது. என்னோடு வேலை செய்த காசி அங்கேயே வெந்து செத்தான். எழ முடியாமல் நான் கிடந்தேன். வெளியே ஃபோர்மேன் உங்களை மறித்து, "உள்ள போவாதீங்க சார், வெந்துடுவீங்க" என்றது கேட்டது. அவரைத் தள்ளிவிட்டு வந்தீர்கள். என் கையைப் பற்றி இழுத்தபோது தோல் உரிந்து உங்கள் உள்ளங்கையோடு போயிற்று. கையை விட்டுவிட்டுத் தலைமுடியைப் பிடித்து இழுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். உங்கள் இரண்டு கைகளிலும் கட்டு. என் அம்மா முதலில் உங்களுக்குத்தான் கஞ்சி ஊட்டினாள். "யாரு பெத்த புள்ளயோ, எம்புள்ளய இஸ்துகினு வந்துட்டாரு" என்று அழுதாள். ஏன் சார் உள்ளே வந்தீர்கள் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

உலகப் போரில், பதினேழு வயதில், வடதுருவக் கடல் வழியே உங்கள் நாட்டுக்குப் பீரங்கியும் மாவும் ஏற்றி வந்த கப்பல் கூட்டத்தில் நீங்கள் மாலுமி. மேல்தளத்தில் உறையும் பனியின் பாரம் கப்பலைக் கவிழ்த்துவிடும். ஓயாமல் சுத்தியலால் உடைத்துத் தள்ளுவீர்களாம். நீர்மூழ்கி தாக்கியதில் உங்கள் கப்பல் இரண்டாகப் பிளந்தது. கொட்டிய எண்ணெய் பற்றிக்கொண்டது. தண்ணீருக்கு மேலே தலைகள் எரிந்தன. கீழே கால்கள் விறைத்தன. பின்னால் வந்த கப்பல்கள் நிற்கவில்லை. நின்றால் அவற்றுக்கும் அதே கதி. அவற்றில் ஒன்றின் அடியில் சுழன்ற விசிறி உங்கள் நண்பனை அரைத்துப் போட்டது. கடைசிக் கப்பலும் கடந்தபோது, மேலதிகாரி தடுத்தும் கேளாமல் அதிலிருந்து ஒருவன் கயிறு வீசினான். விரல்கள் மடங்கவில்லை. பல்லால் கடித்துக்கொண்டீர்கள். முன்பற்கள் இரண்டு அப்போது போனவை.

நிற்காதவர்கள்மேல் கோபமில்லையா என்றேன். இல்லை என்று தலையசைத்தீர்கள். பிறகு மொழிபெயர்ப்பாளரை முந்திக்கொண்டு, எங்களிடம் கற்ற தமிழில் நீங்களே சொன்னீர்கள்: "கயிறு போட்ட ஆள்... மூஞ்சி தெரியாது."

நீங்கள் ஊர் திரும்பினீர்கள். வெகுகாலம் கழித்து, இறந்துவிட்டீர்கள் என்ற செய்தி மட்டும் வந்தது. எனக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இன்றும் சில நாள் காசியின் அலறலோடு விழித்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அந்த வெள்ளை ஆவியைக் கிழித்துக்கொண்டு நீங்கள் வருகிறீர்கள். உங்களுக்குக் கொடுத்துவைக்காதது எனக்கு வாய்த்தது. என்னை இழுத்தவரின் முகம் எனக்குத் தெரியும், சார்.