பொடியன் விழுந்த பதினோரு விநாடி

மார்ச் 4, செவ்வாய்

‘சூறாவளிப் பொடியன்’ கார்ட்டூனுக்கு எழுபத்தாறாவது எபிசோடு ரெக்கார்டிங் முடிந்தது. நாற்பத்தாறு வயதுக்காரி, ஆறு வருஷமாக ஒன்பது வயதுப் பையனாகக் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். அவன் பறப்பான், கட்டடத்தைத் தூக்குவான். வாய் மட்டும் என்னுடையது.

இன்று “விடமாட்டேன்டா!” என்று கத்தும்போது குரல் பிசிறியது. இருமல் என்று சமாளித்தேன். இயக்குநர் நம்பிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் சின்னக் கட்டியாம்.

“மூணு வாரம் வாயே திறக்கக் கூடாதும்மா. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது.”

“திங்கட்கிழமை ரெக்கார்டிங் இருக்கே டாக்டர்?”

“உங்களுக்குத் தொழில் முக்கியமா, குரல் முக்கியமா?”

என்ன கேள்வி இது? எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே!

தங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள் வீட்டில்தான் இருக்கிறேன், மறைக்க முடியாது. “நீ போகலைன்னா அவங்களுக்கு வேற ஆளே கிடைக்காதா?” என்றாள்.

கிடைக்கும். அதுதானே பயம்.

மார்ச் 10, திங்கள்

போனேன். புத்தி கெட்டுப் போனேன்.

எழுபத்தேழாவது எபிசோடு. பொடியனின் சக்தி அற்றுப்போய்க் கோபுர உச்சியிலிருந்து விழுகிறான். பதினோரு விநாடி அலறல். “பழைய எபிசோடுல இருந்து எடுத்து ஒட்டிக்கலாம்க்கா, சிரமப்படாதீங்க” என்றார் இயக்குநர். பழையதில் அவன் மரத்திலிருந்து விழுந்தான். மரமும் கோபுரமும் ஒன்றா? நானே செய்கிறேன் என்று வீம்பு பிடித்தேன்.

எங்கள் தொழிலில் அலறலைக் கடைசியில்தான் எடுப்போம். வசனமெல்லாம் பதிவான பிறகு தொண்டை எக்கேடு கெட்டால் என்ன? அவசரப்பட்டு முதலில் கத்தும் புதுசுகளை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அப்படிப்பட்டவள் இன்று, “அலறலை முதல்ல எடுத்துடலாம்” என்றேன். கடைசிவரை குரல் தாங்காது, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒரு கணக்கு.

பதினோரு விநாடியும் குரல் தாங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்தது, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்!” வாயைத் திறந்தேன். வெறும் காற்று. மறுபடியும் காற்று. பாவம், அவர் மைக்கில் கோளாறு என்று ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். நான் திருடி மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 11

தண்ணீர் கேட்கக்கூடக் குரல் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

கட்டியில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ண வேண்டுமாம். “பேச்சு வந்துடும். அந்தச் சின்னப் பையன் குரல் இனிமே கஷ்டம்மா” என்றார் டாக்டர். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

இயக்குநரிடமிருந்து மெசேஜ்: ‘உடம்பைப் பாத்துக்கோங்கக்கா. ஒண்ணும் அவசரம் இல்ல.’ அவசரம் இல்லையென்றால் ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இது தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்?

ஏப்ரல் 3

ஆபரேஷன் முடிந்தது. வலிக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

இயக்குநர் ஆப்பிளோடு வந்தார். ‘யாரு?’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். தரையைப் பார்த்தபடி, “புதுப் பொண்ணுக்கா. உங்க எபிசோடெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியிருக்கு” என்றார். கிளம்பும்போது, “அந்த அலறல் மட்டும் உங்களோடதுதான். அதை மாத்தவே இல்ல” என்றார்.

சமாதானமாம்! விழுவது நான், எழுந்து பறப்பது அவள். நல்ல பங்கீடு.

அவர் போனதும் அழுதேன். சத்தம் வராமல் அழுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் எழுபத்தேழாவது ஒளிபரப்பு. தங்கை மகள் என் மடியில். ஆறு வயது, பொடியன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள். என் ஒவ்வொரு வசனமும் அவளுக்கு மனப்பாடம். தங்கை டிவியை அணைக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

பொடியன் விழுந்தான். என் அலறல் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு எழுந்தான், பேசினான். நான் டிவியைப் பார்க்கவில்லை, குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவாள், யார் இது என்று கேட்பாள். அடுத்த வசனத்திலாவது கேட்பாள்.

கடைசிவரை கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பெரியம்மா, இன்னைக்குத்தான் நீ ரொம்ப நல்லாப் பேசின” என்றாள்.

தலையை ஆட்டினேன்.