மகன் பரிமாறிய கப்பல்

ஜனவரி 9, 2025. ஆவூர்.

மகன் ஆண்ட்ரூஸ் போனில் சொன்னதையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி இவற்றைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளைச் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்களாம், அறைக்கு வந்துசேர சாயங்காலம் ஆகிவிடுமாம். சிங்கப்பூர் விசா இரண்டு தடவை நுழைய விடுமா என்று பார்க்கச் சொன்னான். கப்பல் வெளிநாடு போய்த் திரும்புவதும் ஒரு நுழைவு. சாப்பாட்டு மண்டபத்தில் குளிரும், சால்வை வேண்டும்.

அவன் அந்தச் சொகுசுக் கப்பலில் ஆறு வருடமாகப் பரிமாறும் வேலையில் இருக்கிறான். ஊழியர்களின் தாய் தகப்பனுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டாம். "நான் எப்புடி இருக்கேன்னு ஒரு தடவ வந்து பாருங்கம்மா" என்று வருடாவருடம் கூப்பிடுவான். இந்த வருடம்தான் இவர், அவன் அப்பா, சரியென்றார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

"பாத்துட்டு வரப் போகல செல்வி. கையோட கூட்டியாரப் போறோம்."

எனக்கும் அதே ஆசைதான். பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. கீரனூரில் ஒரு பெண்வீட்டார் விசாரித்திருக்கிறார்கள். மார்ச்சில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. மாதாவே, அதற்குமேல் புது ஒப்பந்தம் வேண்டாம்.

ஜனவரி 19. கப்பலில்.

கப்பல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மாடிக்கு மேல் மாடி, லிப்ட், கடைவீதி. எங்கள் அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் இருக்கிறது. அங்கேதான் ஆட்டம் குறைவு என்று ஆண்ட்ரூஸ் கேட்டு வாங்கிக் கொடுத்தான். ஜன்னல் இல்லை என்று இவருக்குக் குறை. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தே பழகியவர். அறையைத் திறக்க, எதையும் வாங்க, கரையில் இறங்கி ஏற, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. கழுத்தில் மாட்டிக்கொண்டோம்.

புறப்படுமுன் ஆபத்துக்காலப் பயிற்சி. கட்டாயம் போயாக வேண்டும். எங்கே கூடுவது, மிதவை அங்கியை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். பக்கத்தில் நின்ற பெண் தமிழில் பேசினாள். மோகனப்ரியா, திருச்சி. வீட்டுக்காரர் சிவபிரகாஷ் கட்டட ஒப்பந்தக்காரர். எங்களுக்கு எதிர் அறையாம். "அக்கா, நீங்க யார்கூட வந்தீங்க, பிள்ளைங்க அனுப்பி வச்சாங்களா?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

என் பிள்ளை இந்தக் கப்பலில்தான் இருக்கிறான், இன்னும் கண்ணில் படவில்லை.

ஜனவரி 20.

பார்த்துவிட்டேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில். கறுப்பு மேல்சட்டை, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஒரு கையில் மூன்று தட்டு. எங்கள் மேசை வேறு ஆள் பொறுப்பு. சொந்தக்காரருக்குப் பரிமாற விடமாட்டார்களாம். அவன் பொறுப்பு பக்கத்து மேசை. அதில் மற்றவர்களோடு சிவபிரகாஷும் மோகனப்ரியாவும். அவர்களுக்கு நாற்காலியை இழுத்துவிட்டு, மடியில் துணியை விரித்துவிட்டான். இவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

இன்று காலை அவனுடைய மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்து, மேல்தளத்தில் சற்று நேரம் பேசவிட்டார். பிள்ளை இளைத்திருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. டூட்டில இருக்கப்ப என்னையக் கூப்புடாதீங்க. நான் ஒங்க மகன்னு பயணிங்க யார்ட்டயும் சொல்ல வேணாம். எனக்காக அவங்ககிட்ட எதுவும் கேக்கவே கூடாது. இங்க அதுக்கு ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"ஏன்டா, மகன்னு சொல்லக் கூடாதா?"

"என் வேலைம்மா. வீட்டு விசேசம் இல்ல."

இவர் ஆரம்பித்துவிட்டார். கீரனூர்ப் பெண், ஊரில் வேலை, போதும் இந்தப் பொழப்பு. ஆண்ட்ரூஸ் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்பா, வர்ற கான்ட்ராக்ட்ல என்னையத் தலைமை வெயிட்டரா ஆக்குறாங்க. ஒங்கள நேர்ல வச்சுச் சொல்லணும்னுதான் கூப்ட்டேன்" என்றான்.

இவர் எழுந்து அங்கிட்டுப் போய்விட்டார். நானாவது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை.

ஜனவரி 21. பினாங்கு.

காலையில் கப்பல் ஆடியது. இவருக்கு வாந்தி. நர்ஸாக இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தேன். ஆட்டத்துக்கு முன்னாலேயே கொடுக்க வேண்டிய மாத்திரையை இவருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். அறைக்குள் படுத்தால் இன்னும் கூடும் என்று ஆண்ட்ரூஸ் சொல்லியிருந்தான். மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்தபடி உட்கார வைத்து, பச்சை ஆப்பிள் கொடுத்தேன். தெளிந்துவிட்டார்.

கரையில் இறங்கினோம். கப்பல் நேரத்தைத்தான் நம்ப வேண்டும், கரை நேரத்தை அல்ல. நேரம் தவறினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் கோயில் ஒன்றைப் பார்த்துவிட்டு சீக்கிரமே ஏறிவிட்டோம். இவர் நாள் முழுக்க மகனைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 22.

என்ன எழுத.

நேற்றைய சாப்பாட்டில் இவர் மறுபடி ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் பக்கத்து மேசையில் நின்ற ஆண்ட்ரூஸுக்குக் கேட்டிருக்கும். "இந்தத் தட்டக் கழுவுறதுக்கா படிக்க வச்சேன்." அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடிதான். அந்த நொடியில் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டான். சிவபிரகாஷ் வீட்டில் சைவம். முதல் நாளே சொல்லி எழுதிக்கொடுத்தவர்கள். அவர் சூப்பில் கோழி.

ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மனுஷன் துடித்துப்போய்விட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து தொடாதவர். எழுந்து நின்று ஆங்கிலத்தில் கத்தினார். மண்டபமே திரும்பியது. ஆண்ட்ரூஸ் கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, தப்பு என்னுடையதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இவர் நாற்காலியைத் தள்ளி எழப் பார்த்தார். தொடையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தேன். பெத்த பிள்ளைய ஒருத்தன் அத்தனை பேரு முன்னாடி ஏசுறான், நான் சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கேன் — எந்தத் தாய்க்கு வரும் இது.

சிவபிரகாஷ் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கப் போவதாக மோகனப்ரியா இன்று காலை சொன்னாள். "இவரு விடமாட்டாருக்கா. அந்தப் பையன வேலைய விட்டே தூக்கணும்ங்கிறாரு."

நாள் முழுக்க புக்கெட் கடற்கரையில் நடந்தேன். எதையும் பார்க்கவில்லை.

ஜனவரி 23.

சொல்லிவிட்டேன்.

எதிர் அறைக் கதவைத் தட்டினேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. "தம்பி, அந்தப் பையன் என் மகன். எங்களப் பாத்ததுலதான் தட்டு மாறிப்போச்சு. மன்னிச்சு விட்டுருங்க" என்றேன். காலில் விழவில்லை. விழுந்திருப்பேன், மோகனப்ரியா பிடித்துக்கொண்டாள்.

சிவபிரகாஷ் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு, "மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா. அன்னிக்கு நீங்க பக்கத்துலயா இருந்தீங்க" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே கீழே போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டார். நல்ல மனிதர். ஏன் திரும்ப வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்தப் பையனின் தாய் வந்து கேட்டார் என்று.

மத்தியானம் ஆண்ட்ரூஸ் வந்தான். கூட மேற்பார்வையாளர், கொஞ்சம் தள்ளி நின்றார். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"தப்ப நான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேம்மா. எச்சரிக்கை குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன், முடிஞ்சுபோச்சு. இப்ப, ஒரு பயணிகிட்ட என் வீட்டு ஆளப் போகவிட்டுப் புகார வாபஸ் வாங்க வச்சேன்னு ஆயிருச்சு."

"நீ சொல்லலன்னு நான் வந்து சொல்றேன்டா."

"வேணாம். தயவுசெஞ்சு இதோட விட்ரு."

போய்விட்டான். ராத்திரி பக்கத்து மேசையில் வேறு ஒரு பையன் பரிமாறினான். ஆண்ட்ரூஸை உள்ளே சமையற்கட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஜனவரி 24. சிங்கப்பூர்.

பெட்டிகளை முந்தின இரவே அறைவாசலில் வைத்துவிட வேண்டும். போட்டுக்கொள்ளும் துணியை மட்டும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். மோகனப்ரியா எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இரவு உடையோடு நின்றாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். என் புடவை ஒன்றைக் கொடுத்தேன்.

இறங்கும்போது ஆண்ட்ரூஸ் வருவானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை.

பிப்ரவரி 2. ஆவூர்.

கோயிலில் எல்லோரும் கப்பல் எப்படி என்று கேட்கிறார்கள். நல்லா இருந்துச்சு என்கிறேன். அஞ்சு வேளைச் சாப்பாடு என்கிறேன்.

பிப்ரவரி 17.

போன் இல்லை.

மார்ச் 14.

ஆண்ட்ரூஸ் வந்துவிட்டான். திருச்சி விமான நிலையத்திலிருந்து தானாகக் கார் பிடித்து வந்தான். ஒப்பந்தம் முடிந்தது, புதுசு கொடுக்கவில்லை. தலைமை வெயிட்டர் இடத்துக்கு வேறு ஆள்.

இவருக்குச் சந்தோஷம், மறைக்கத் தெரியவில்லை. கீரனூருக்குப் போன் போடட்டுமா என்றார். ஆண்ட்ரூஸ் என்னைப் பார்த்தான்.

"நீ நெனச்சது நடந்துருச்சுல்லம்மா."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

நான் அதுக்காகவா போய்க் கதவத் தட்டுனேன்? இல்ல. சத்தியமா இல்ல. அவன் வேலைய காப்பாத்தத்தான் போனேன். ஆனா அவன் வந்து நிக்கிறப்ப மொத நொடி மனசு குளுந்துச்சே, அது எதுல சேத்தி? மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி வேண்டுனதும் நான்தானே.

ஏப்ரல் 6.

சாப்பிடுகிறான், தூங்குகிறான். கீரனூர்க்காரர்கள் வந்தார்கள். பையன் என்ன செய்கிறார் என்றார்கள். இப்போதைக்குச் சும்மா இருக்கிறேன் என்று அவனே சொன்னான். அவர்கள் அப்புறம் பேசவில்லை.

மே 21.

விராலிமலை ஹைவேயில் மதுரைவீரன் என்பவரின் ஹோட்டலில் சேர்ந்திருக்கிறான். பஸ்கள் நிற்கும் பெரிய ஹோட்டல். இவர் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "ஒருத்தன் டீய மூஞ்சில ஊத்துற மாதிரி நீட்டுறான். இவன் சிரிச்சுக்கிட்டே வாங்குறான். கப்பல்லயும் இதே வேலைதான் செல்வி. ஆனா அங்க அவன் நிமுந்து நடந்தான்" என்றார்.

இவர் வாயிலிருந்து இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 13.

வேறொரு கப்பல் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. சென்னையில். மேசைமேல் போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான், திரை தானாக வெளிச்சமாயிற்று, பார்த்தேன். அவன் எங்களிடம் சொல்லவில்லை. போகப்போவதாகவும் தெரியவில்லை. எனக்குப் பயந்தா, என்மேல் கோபத்திலா?

ஜூலை 16.

இன்று மதுரைவீரன் வீட்டுக்கே வந்தார். ஹோட்டலை முழுக்க ஆண்ட்ரூஸ் பொறுப்பில் விடுகிறாராம். மேனேஜர். "இந்தப் பக்கம் இப்புடி ஒரு ஆள நான் பாத்ததே இல்லம்மா. வர்றவுங்ககிட்ட அவரு பேசுற பதவிசு என்ன, மேச வைக்கிற சுத்தம் என்ன. ஆனா பிடி குடுக்க மாட்டேங்கிறாரு. பெத்தவுங்க நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கேப்பாரு."

ஆண்ட்ரூஸ் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்து நிற்கிறான். இவர் என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக ஜெபம் செய்தது, வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், கையில் வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை போதும்.

"அவன் கப்பலுக்குப் போறான்ங்க. சென்னையில இன்டர்வியூ இருக்கு. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன்.

எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. மதுரைவீரன் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். ஆண்ட்ரூஸ் உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியும்."

"போகச் சொல்றியா?"

"நீ போகணும்னு நெனைக்கிறியான்னு கேக்குறேன்."

குனிந்து செருப்பைக் கழற்றியபடி, "ஆமாம்மா" என்றான். அடுப்படிக்குப் போய் அழுதேன். நல்லதுக்குத்தான் அழுதேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை.

ஆகஸ்ட் 25.

வேலை கிடைத்துவிட்டது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு, பழைய பதவிதான், அடியிலிருந்து ஏற வேண்டும். உடல் பரிசோதனைக்கும் மஞ்சள்காய்ச்சல் ஊசிக்கும் நானே கூடப் போனேன். ஊசி போட்ட பெண்ணிடம், "என் மகன். கப்பல்ல பரிமாறுறான்" என்றேன். ஆண்ட்ரூஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி என்னைப் பார்த்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

செப்டம்பர் 18.

நாளை மறுநாள் கிளம்புகிறான். திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து எங்கேயோ. நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்து எங்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு என்றான். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினான்.

"வர்றோம்" என்றேன். "ஒன் கண்ணுல படாத மண்டபத்துல ஒக்காந்துக்கிறோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்து ஆறு மாதத்தில் இந்த வீட்டில் அவன் சிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது கூடத்தில் இவர் கட்டிலின்மேல் போர்வையை விரித்து, அவனுடைய வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். டிரைவர் சட்டையைக்கூடத் தானாகப் போட்டவர் இல்லை, நான்தான் போட்டுக் கொடுப்பேன். கையில் ஒரு இடத்தில் சூடு பட்டிருக்கிறது. நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

"ஆண்ட்ரூஸு, இங்கிட்டு வா. இந்தக் காலர் மடிப்பு இப்புடித்தான இருக்கணும்?"

அவன் போய்ப் பக்கத்தில் நிற்கிறான்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்திப் போடுங்கப்பா."