நான் போட்ட துளைகள்

கடித எண்: 47
14 மார்ச் 2021, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணி
பொருள்: பின்வாசல் கைப்பிடி முறிந்தது குறித்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமென்று அம்மா வழியாகத்தான் அறிகிறேன், இரண்டு மாதமாக நீ என்னோடு பேசுவதில்லையே. அதில் உன் தவறு ஒன்றுமில்லை. அம்மாவின் கைக்கட்டை வியாழக்கிழமை பிரித்துவிட்டார்கள். விரல்கள் நன்றாக மடங்குகின்றன, என்னைத் திட்டும்போது அந்தக் கையைத்தான் ஆட்டுகிறாள்.

ஜனவரி 9 அன்று, நீ மாட்டிக் கொடுத்த பின்வாசல் கைப்பிடியோடு அவள் படியில் விழுந்ததும், "நீ செஞ்ச வேலைதான் அம்மா கையை ஒடிச்சிருக்கு" என்று தொலைபேசியில் உன்னிடம் கத்தினேன். நேற்று அந்தக் கைப்பிடியைத் தாங்கிய மரக் கம்பத்தை அப்புறப்படுத்தப் பிளந்தேன். அடியில் நீ போட்ட துளைகளைச் சுற்றி மரம் கல்லாக இருக்கிறது, மரம் உளுக்காமலிருக்க நீ பூசிய மருந்தின் பச்சைக் கறைகூடப் போகவில்லை. மேலே இருந்த துளைகளைச் சுற்றியோ நனைந்த ரொட்டியாக விரலோடு வந்தது. அவை நான் போட்டவை. நீ ஊருக்குப் போன மறுவாரம், 12 நவம்பர் 2016 அன்று, ரசமட்டத்தில் குமிழி மயிரிழை விலகியது பொறுக்காமல் கைப்பிடியைக் கழற்றி, கம்பத்தில் வேறு துளை போட்டு மாட்டினேன். "மருந்து மேலாகத்தான்பா ஏறியிருக்கும், துளை போட்டா உள்ள வெறும் மரம், பூசாம விட்டுடாதீங்க" என்று சொல்லிப் புது மருந்து டப்பாவும் கொடுத்துவிட்டுத்தான் நீ போனாய். மருந்தேற்றிய மரத்துக்கு மறுபடியும் மருந்தா என்று, டப்பாவின்மேல் பெற்ற தேதியை எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன். நேற்று அதை மேசையில் கொண்டுவந்து வைத்த அம்மா, "தேதி போடத் தெரிஞ்ச மனுஷனுக்கு மூடியைத் திறக்கத் தெரியலையாக்கும்" என்றாள். உன்னிடம் கத்தியபோது இதெல்லாம் நினைவில் இல்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நான் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நினைவிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, உன்னைச் சொல்வது சுலபமாக இருந்தது. உன் அத்தையிடமும் உன்னைத்தான் குறை சொல்லியிருந்தேன். நேற்று மாலை அழைத்துத் திருத்திச் சொன்னேன். "என்கிட்ட எதுக்குண்ணா, அவகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

புதுக் கம்பம் வந்திருக்கிறது. பழைய மருந்து கெட்டியாகிவிட்டது, வேறு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் துளை போடவில்லை. ஜூன் விடுப்பில் நீ வந்தால் நீ போடு, நான் பூசுகிறேன். அதுவரை பின்வாசல் பூட்டியே இருக்கும். எனக்குப் பதில் எழுத மனமில்லையென்றால் அம்மாவிடமாவது சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையுமின்றி நெடுநாள் வாழ வேண்டும்.

வெட்கத்துடனும் ஆசியுடனும்,
அப்பா

இணைப்பு:
1. அம்மா கட்டுப் பிரித்த அன்று எடுத்த புகைப்படம்.
2. கம்பத்தில் நீ போட்ட துளையைச் சுற்றிய மரத்துண்டு. (என்னுடையது உறையில் வைக்கும் முன்பே உதிர்ந்துவிட்டது.)
3. என் ரசமட்டம். இனி உன்னிடமே இருக்கட்டும்.