புறவாசல் வேலியில் ஒரு கதவு

ஏங்க,

சீசன் டியூட்டி முடிஞ்சு குற்றாலத்திலிருந்து நனைஞ்சுதான் வருவீங்க. சாவி தொட்டி மூடிக்கு அடியில இருக்கு. தலையைத் துவட்டிட்டு முதல்ல புறவாசலுக்குப் போய்ப் பாருங்க.

பழைய மரவேலி போயாச்சு. சாரல்ல ஊறி உளுத்த பலகையெல்லாம் விறகுக்கு அடுக்கிட்டேன். இப்போ நிக்கது கம்பிவலை வேலி. கட்டினப்போ வலை நடுவுல தொங்கிச்சு. "இது போதும்க்கா, யாரு பாக்கப் போறா?"ன்னு வேலைக்கு வந்தவங்க சொன்னாங்க. "நான் தினமும் பாப்பேம்லா"ன்னு அவுக்கச் சொல்லி, நானும் ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தேன். அமுக்கிப் பாருங்க, அசையாது. மேலகரத்துல இப்படி விறைப்பா நிக்கிற வேலி வேற கிடையாது.

உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் சின்னக் கதவு ஒண்ணு வச்சிருக்கேன். கோவப்படாதீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிற இத்தனை காலமும் நானும் உங்க மதினியும் அங்கன ஆடிப்போன பலகையை நகத்தித்தான் குழம்புக் கிண்ணத்தை மாத்திக்கிட்டோம். கம்பிவலையில கிண்ணம் நுழையாது.

சுரண்டையில அம்மாவைப் பாத்துட்டுச் சாயங்காலம் வருதேன். சோறும் மீன்குழம்பும் அடுப்புமேல இருக்கு.

கனி

இன்னொண்ணு. அந்தக் குழம்பு மதினி வச்சது. போன வாரம் லீவுல வந்தப்போ கேட்டுக் கேட்டு ஊத்திச் சாப்பிட்டீங்களே, அதுவும் அவங்க வச்சதுதான். கிண்ணத்தைக் கழுவி நீங்களே கொண்டு கொடுங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் நம்ம பக்கம் மட்டுந்தான் இருக்கு.