மிஞ்சின மஞ்சக்கரு

பொன்னுமணி அப்பாவுக்கு,

பிள்ளையைக் கூட்டிக்கிட்டு முதல் ஜீப்புல போடிக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். சோறு வடிச்சிருக்கேன். குழம்பு நேத்து வச்சதுதான், சுட வச்சுக்கங்க.

சாயங்காலம் ஏலக்கா வியாபாரி மறுபடியும் தேங்காய் மக்ரூன் திங்க வர்றாராம். போன தடவை அவர் "யாரு செஞ்சது"ன்னு கேட்டப்ப, "என் தங்கச்சி, மதுரையில படிச்சவ"ன்னு சொன்னீங்க. காபித் தம்ளரோட நான் பக்கத்துலதான் நின்னேன். அதனால இன்னைக்கு உங்க தங்கச்சி அன்னக்கொடியவே வந்து செய்யச் சொல்லுங்க. முட்டை கூடையில இருக்கு, தேங்காய் துருவி வச்சிருக்கேன்.

மணல் சட்டியில சுட்டா மட்டும் இந்தப் பனிமூட்டத்துல மொறுமொறுப்பு நிக்காது. ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல, அந்தச் சூட்டுல ராத்திரி முழுக்கக் கிடக்கணும். இனிமே வச்சாலும் சாயங்காலத்துக்கு ஆகாது. அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எத்தனை தட்டு கருகுச்சு, எத்தனை நமுத்துச்சு. வெள்ளைக்கரு மக்ரூனுக்குப் போச்சு. மிஞ்சின மஞ்சக்கருவை எல்லாம் நான்தான் தின்னு தீர்த்தேன்.

ஸ்டோர் சாவி ஆணியில தொங்குது.

சொல்ல விட்டுப்போச்சு. டப்பாவுல ஒண்ணே ஒண்ணு இருக்கு. யாரு செஞ்சதுன்னு கேக்க வீட்டுல ஆளில்லை. தைரியமாத் தின்னுங்க.