யாரும் படிக்காத ஏழாவது கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நானும் உடனே நல்லவனாகிவிடுவேன். இந்தச் செய்தியில் நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அதனால்தான் கடிதம்.

போன மாதம் எழுதியதை மறந்துவிடு. உன் கை வியாதிக்கு வரவேண்டிய மருந்து எலிகளின் கண்ணைக் கெடுக்கிறது, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தையே கைவிடப்போகிறார்கள், டாக்டர் உன் பெயரைப் பட்டியலில் சேர்த்தது வீண் என்று எழுதியிருந்தேன். பேர்கூட வைக்காத, வெறும் நம்பர் போட்ட அந்த மருந்தை இரண்டு பக்கம் திட்டியிருந்தேன். நன்றாகத்தான் திட்டியிருந்தேன். ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மச்சான் என்னைத் தெரிந்தவர்களிடம் விஞ்ஞானி என்று அறிமுகம் செய்வதை இனியாவது நிறுத்தச் சொல். நான் எலிகளுக்குத் தீவனமும் தண்ணீரும் மருந்தும் வைக்கிறவன். ஐந்து தட்டு அலமாரியில் எண்பது கூண்டுகள். நிறைய மருந்து குடிக்கும் எலிகளின் கூண்டில் சிவப்பு அட்டை. வெறும் தண்ணீர் குடிப்பவற்றுக்கு வெள்ளை அட்டை. நடுவில் இன்னும் இரண்டு நிறம்.

இரண்டு வருடம் முன்பு, நச்சு ஆராய்ச்சிக் கணக்குக்கென்றே செய்த ஒரு மென்பொருள் வாங்கினார்கள். திறப்பு விழாவுக்கு இயக்குநர் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு ரிப்பன் கட்டினோம். அன்றுமுதல் திங்கட்கிழமைதோறும் அது எனக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கும். இந்த வாரம் எந்தக் கூண்டு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒரு ஒழுங்கும் இருக்காது. பதினாலாம் கூண்டை ஏன் மூன்றாம் தட்டுக்கு ஏற்ற வேண்டும், அடுத்த வாரம் ஏன் இறக்க வேண்டும்? வேலையில்லாத இயந்திரம் எனக்கு வேலை வைக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சிவப்பு மேலே, வெள்ளை கீழே. அப்படி வைத்தால் மருந்து மாறிப்போக வழியே இல்லை. தப்பு நடந்துவிடக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனம் என்று உனக்குத் தெரியும். ஒரே ஒரு மாற்றம் செய்தேன். சிவப்பு அட்டையில் மூன்று கூண்டு எலிகள் கடிக்கும். ஏணியில் நின்றபடி கடி வாங்க முடியாமல் அவற்றைக் கீழே இறக்கிவிட்டு, சாதுவான வெள்ளை அட்டைக் கூண்டுகள் மூன்றை மேலே ஏற்றினேன்.

தினமும் நான் நிரப்பும் படிவத்தில் ஏழாவது கட்டம் 'தட்டு எண்'. பதினோரு வருடமாக அதை நிரப்புகிறேன். இதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை சந்தேகம் வந்து, ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டத்தில் என் சட்டை நிறத்தை எழுதிப் பார்த்தேன். இயக்குநர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அது பழைய கதை. வெட்கமாகிவிட்டது, அதற்குப் பிறகு உள்ளதைத் தவிர எதுவும் எழுதியதில்லை.

எங்கள் புள்ளியியல் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தசமம். டீக்குச் சர்க்கரை கேட்டால்கூட ஒன்றே கால் கரண்டி என்பார். மருந்தைக் கைவிடும் அறிக்கையை அவர்தான் முடிக்க வேண்டியிருந்தது. முடிக்கும் நேரத்தில் மென்பொருள் திரையின் அடியில் ஒரு வரி காட்டியதாம்: கூண்டு இருந்த இடத்தைச் சேர்த்துப் பார்க்கவில்லை, பார்க்கவா? பாரு என்று அழுத்தியிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். என் அலமாரி அங்கே இருந்தது, அக்கா. ஐந்து தட்டு, எண்பது புள்ளி. நான் பதினோரு வருடமாக யாரும் படிக்காமலே எழுதிவந்த எண்களை வைத்து அது என் அறையையே வரைந்துவிட்டது. கண் கெட்ட எலிகள் எல்லாம் மேல் தட்டில். அந்த மூன்று வெள்ளை அட்டைக் கூண்டும் அதில் அடக்கம். அவை ஒரு சொட்டு மருந்து குடித்ததில்லை. கீழே இறக்கிய, கடிக்கும் எலிகளுக்கோ, அத்தனை மருந்து குடித்தும் கண் பளிச்சென்று இருக்கிறது. மருந்தின் மேல் பழி இல்லை என்று அந்தப் படமே சொன்னது. அந்த மென்பொருள் ஒரு எலியைக் கண்ணால் பார்த்ததில்லை. என் அறை வாசலை மிதித்ததில்லை. ஆறு மாதம் தினமும் மூன்று வேளை அந்த அறையில் நின்றவன் நான். எனக்குத் தெரியவில்லை.

புள்ளியியல் அம்மா நேரே எலி அறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மேல் தட்டுக்கு மேல என்னங்க இருக்கு?"

"டியூப் லைட்டும்மா. ஒரு சாண் தூரம்."

எங்கள் வெள்ளை எலிகளுக்கு வெளிச்சம் ஆகாது, கண் போய்விடும். அது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தந்த பாடம். எல்லா நிறத்துக்கும் வெளிச்சம் சமமாகப் படும்படி இடம் மாற்றச் சொன்ன திங்கட்கிழமைத் தாள்கள் எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. அலமாரியின் குட்டைக் காலுக்கு அடியில் கையைக் காட்டினேன். இந்தப் பரிசோதனையின் இருபத்தாறு வாரத் தாளும் மடித்தபடி இருந்தன. அவர் உருவி எடுத்ததும் அலமாரி ஆட ஆரம்பித்தது.

"தாளைப் பாத்து அப்படியே ஏழாவது கட்டத்துல எழுதியிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே. ஏன் எழுதல?"

"கூண்டு அங்க இல்லையேம்மா."

அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி. அந்த மருந்துக்காக என் அக்கா காத்திருக்கிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது சலுகை கேட்பதாகிவிடும்.

விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. விளக்கைப் பற்றியே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, புது எலிகளோடு முதலிலிருந்து பரிசோதனை, இந்த முறை பதின்மூன்று வாரம் போதுமாம். அது சுத்தமாக முடிந்தால் உன் பட்டியல் மறுபடி உயிர் பெறும். இப்போது தாள் சொல்கிற தட்டில்தான் கூண்டு. நேற்று அது கடிக்கிற எலி ஒன்றை மேல் தட்டுக்கு அனுப்பியது. ஏணியில் ஏறினேன். இடது கை ஆள்காட்டி விரலில் கட்டு.

இந்தப் பதின்மூன்று வாரமும் நான் வைத்த தாமதம். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதனால் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று செய். உன் கடைசிக் கடிதத்தில் எழுத்து மச்சானுடையது, சொல் உன்னுடையது. இனி வாரம் ஒரு வரி நீயே எழுது. கோணினால் கோணட்டும், பாதியில் நின்றால் நிற்கட்டும். தேதி போடு. கை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, எனக்காக நேராக்காதே. பதின்மூன்று வரி வரவேண்டும். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

என்றும் உன்
தம்பி