சாவியோடு நானும் உள்ளே

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அண்ணன் சுகம், அண்ணி சுகம், அவர்கள் மகள் சிட்டு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து அந்த ஓட்டையை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். உன் அப்பாவின் சுகத்தை மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். பதறாதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், இதோ என் எதிரே உட்கார்ந்து மேஜை விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார், விளக்கில்தான் வெளிச்சம் குறைந்துவிட்டதாம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் விட்டதா, அவருடைய முதுகுவலி தேவலையா, அந்த நாற்காலியை மாற்றச் சொன்னேனே மாற்றினாரா, இல்லை இன்னும் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் உட்காருகிறாரா.

போன வாரம் அண்ணன் உன்னிடம் போனில், அம்மா காருக்குள் மாட்டிக்கொண்டாள், கதவு திறக்கத் தெரியாமல் ஒரு மணி நேரம் தவித்துப் போய்விட்டாள் என்று சொன்னானாம், நீ அழுதாயாமே. அழாதே. நான் மாட்டிக்கொள்ளவும் இல்லை, தவிக்கவும் இல்லை. அது உன் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம், அண்ணன் அப்படியே ஒப்பித்திருக்கிறான். உனக்கு உண்மை தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று, போனில் மூச்சு விடக்கூடாது என என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அதோடு, அஞ்சாங்கிளாஸை முழுசாக முடித்தவள் நான், ஒரு கார்க் கதவு திறக்கத் தெரியாதவள் என்று என் மகள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது.

நடந்தது இதுதான். சிட்டுவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அப்பாதான் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குத் தையல்காரரிடம் அவளுடைய சீருடை வாங்க வேண்டும், அதனால் நானும் கூடப் போனேன், பல மாசத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் ஓட்டுகிற காரில் ஏறினேன். சிட்டு முன்சீட்டில், நான் பின்சீட்டில். வண்டி தெருமுனை தாண்டியதும் சிட்டு ஆரம்பித்தாள், "தாத்தா, இடது பக்கம் சைக்கிள். தாத்தா, நாய், நாய், போயிடுச்சு. சிவப்பு தாத்தா. இப்ப பச்சை. வேகத்தடை வருது, மெதுவா." நானும் முதலில் பிள்ளை தொணதொணக்கிறாள் என்றுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தால், அவள் சொல்லாமல் இவர் ஒன்றும் செய்வதில்லை. அவள் தும்மினாள், அந்த நேரத்தில் வந்த வேகத்தடையில் என் தலை மேற்கூரையில் இடித்தது. என்ன இது என்று கேட்டேன். "இது எங்க விளையாட்டு பாட்டி, நான்தான் தாத்தாவோட கண்ணாடி, யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்கிறாள். நாலு மாசமாக நடக்கிறதாம் இந்த விளையாட்டு. எட்டு வயசுப் பிள்ளை நாலு மாசம் வாயாலேயே கார் ஓட்டியிருக்கிறாள், ஒரு கீறல் இல்லை! பெருமையும் பயமும் சேர்ந்து எனக்கு ஏப்பமாக வந்தது.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது சின்னவளே. சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். இவர் கேட்டால்தானே. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்திய கண்ணாம், அதற்கு ஒன்றும் வராதாம், இப்போதெல்லாம் மட்டமான மையில் அச்சடிக்கிறார்களாம், அதுதான் மங்கலாகத் தெரிகிறதாம். உனக்கு எழுதுகிறேன் என்றால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். வீட்டுக்குள் முட்டிக்கொண்டால் அடிபடுவது அவர் முழங்கால்தானே என்று நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு. பிள்ளையை முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று தெரிந்த பிறகு எப்படி விடுவது.

சிட்டுவைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு நான் முன்சீட்டுக்கு மாறினேன். இப்போது அவளுடைய வேலை எனக்கு. எனக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியவில்லை, மரம், கடை, மனுஷன், காக்கா என்று எல்லாவற்றுக்கும் கத்தினேன், லாரி ஒன்று எதிரே வந்தபோது பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த வண்டியில் அந்த நிமிஷம் கண் தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லை. எப்படியோ தையல்கடைத் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். இவர் ஏசி எனக்காக ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல், சாவியை அப்படியே விட்டு, தன்னுடைய போனையும் வைத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். அந்த வண்டியின் குணம்தான் உனக்குத் தெரியுமே, எஞ்சின் ஓடும்போது எல்லாக் கதவும் சாத்தியிருந்தால் அரை நிமிஷத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். டக்கென்று நாலு கதவின் பூட்டுக் குமிழும் இறங்கின. இவர் அதைக் கவனிக்காமல் நேரே பக்கத்து மெத்தைக் கடைக்குள் போய் மூணாங்கிளாஸ் சீருடை தயாரா என்று கேட்டிருக்கிறார்.

தையல்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கதவை இழுத்தார்கள், வரவில்லை. மாற்றுச் சாவி அண்ணனிடம், அவன் வேலை செய்யும் இடமோ இரண்டு மணி நேரத் தொலைவு. நான் குமிழைத் தூக்கிவிட்டு இறங்கியிருக்கலாம், சத்தியமாகக் கை அங்கேதான் போனது. அப்போது தோன்றியது, சாவி உள்ளே இருக்கிறவரை இவர் இந்த வண்டியை ஓட்ட முடியாது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான், தெரு கூடிவிட்டது. அம்மா படிக்காதவங்க, பயந்து போயிருக்காங்க என்று தையல்காரர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். வாய் அசைவிலேயே எனக்குப் புரிந்தது. அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தார்கள். தையல்காரர் காற்றில் ஒரு குமிழைத் தூக்கிக் காட்டினார். மெத்தைக் கடைக்காரர் அவரைத் தள்ளிவிட்டுத் தானும் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இருபது பேர் வெயிலில் நின்று ஒரே மாதிரி இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள், பள்ளிக்கூட உடற்பயிற்சி போல. நான் உள்ளே ஏசியில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். பூட்டுச் சாவி செய்கிறவர் கம்பியோடு வந்து கண்ணாடி இடுக்கில் விட்டுக் குமிழை மேலே தூக்கினார், அவர் கம்பியை உருவுவதற்குள் நான் விரலால் அமுக்கிவிட்டேன். மூணு தடவை தூக்கினார், மூணு தடவையும் அமுக்கினேன். நாலாவது தடவை கம்பியைச் சுருட்டிக்கொண்டு, "அம்மாவுக்கு வெளிய வர இஷ்டமில்ல போலிருக்கே" என்றாராம். அந்தக் கூட்டத்தில் மூளையுள்ளவர் அவர் ஒருத்தர்தான்.

இதற்குள் போக்குவரத்துக் காவல்காரப் பெண் வந்துவிட்டாள், வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிறதாம், நிறுத்தும்போது எங்கே தெரிந்தது இவருக்கு. பின்னாலேயே வண்டி தூக்குகிற லாரியும் வந்தது. ஆள் உள்ளே இருந்தால் தூக்கலாமா என்று அவளுக்கும் லாரிக்காரருக்கும் வாக்குவாதம். அந்த லாரிக்காரர் ரொம்ப ஒழுங்கான மனுஷர், வண்டிக்குள் இருக்கும் பொருட்களை எழுதாமல் கொக்கியே மாட்ட மாட்டாராம். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார், பை ஒன்று, குடை ஒன்று, போன் ஒன்று, முதிய பெண்மணி ஒன்று.

கொக்கியை மாட்டப் போனதும், இனி சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று சிட்டுவின் ஓவிய நோட்டையும் சிவப்புக் கலர் பென்சிலையும் எடுத்தேன். பக்கம் முழுக்கப் பெரிசாக எழுதினேன், "எனக்குக் கதவு திறக்கத் தெரியும். நீங்கள் கண் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொன்னால் திறக்கிறேன்." அதை உன் அப்பாவுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். தெருவே படித்தது. இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சகத்தில் நிற்கிற மாதிரி குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்ல, அவளுக்கு பாத்ரூம் போகணுமாம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை சின்னவளே. எனக்கு அது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காவல்காரப் பெண் மட்டும் மெதுவாக, "ஐயா, வண்டி ஓட்டிட்டு வந்தது நீங்கதானே" என்று கேட்டாளாம். ஊரார் எழுத்தையெல்லாம் சிவப்பு மையில் திருத்தின மனுஷரை நடுத்தெருவில் சிவப்புப் பென்சிலால் நிற்க வைத்துவிட்டேனே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, அவர் படிப்பார், கோபப்படுவார், சண்டை போடுவோம் என்றுதான் நினைத்தேன். நோட்டைக் கீழே இறக்கிவிட்டேன். தையல்காரர் அவர் காதோடு வாயை வைத்து நான் எழுதியதைச் சொன்னார். இவர் கிட்டே வந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு கையாலும் வெயிலை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். உதடு அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏசியை அணைக்கத் தெரியாது எனக்கு. என்னங்க, என்ன சொல்றீங்க என்று கேட்டுக்கொண்டே நானாகவே குமிழைத் தூக்கிக் கதவைத் திறந்துவிட்டேன்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே அறுப்பாங்களாமே, அப்ப நீ பக்கத்துல நிப்பியான்னு கேட்டேன்" என்றார். ஒரு வருஷமாக அவ்வளவுதான் விஷயம். மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நிற்கிறேன் என்றேன். "கையைப் பிடிச்சுக்கணும்" என்றார். பிடிச்சுக்கிறேன் என்றேன். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பார்க்கட்டும்.

அந்தப் பெண் நல்ல பெண். சாவியை வாங்கி லாரிக்காரரிடம் கொடுத்து, வண்டியை வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னாள், ஆபரேஷன் முடிந்து டாக்டர் சீட்டைக் காட்டினால்தான் இவர் இனி ஓட்டலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லாரியில் முன்னால் நாங்கள் இருவரும், பின்னால் கார், நல்ல ஊர்வலம். வாசலில் இறக்கிவிட்டு லாரிக்காரர் அந்தப் பட்டியலை நீட்டினார், எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததா என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பை, குடை, போன், அப்புறம் நான். என்னை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வருகிற இருபத்தி மூணாம் தேதி வலது கண், அடுத்த மாசம் இடது கண். உள்ளே யாரையும் விட மாட்டோம் என்றார்கள், நான் டாக்டரிடமே நேரில் பேசிச் சரிக்கட்டிவிட்டேன், முகமூடி போட்டுக்கொண்டு கால்மாட்டில் நிற்கலாமாம், கால்மாட்டில் நின்று கையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டதற்குக் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். சிட்டு இப்போது அண்ணியோடு பஸ்ஸில் போகிறாள், டிரைவருக்குச் சிவப்பு பச்சை சொல்லி அவர் பாராட்டினாராம். நீ கிளம்பி வரவேண்டாம், இருபத்தி ரெண்டாம் தேதி சாயங்காலம் மறக்காமல் போன் செய், கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, உன் ஆபீஸ் சண்டை எதையாவது நீளமாகச் சொல்லிக்கொண்டிரு, அவருக்குத் தூக்கம் வருகிற வரைக்கும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, உங்கள் காரில் சாவியைக் கையில் எடுத்தபிறகு கதவைச் சாத்து. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது, மகளுக்கா, நானும் ரெண்டு வரி எழுதுறேன் என்று அப்பா பேனாவை வாங்கினார். தடுத்தால் சந்தேகம் வரும் என்று கொடுத்துவிட்டேன். வெற்றுத்தாள் என்று நினைத்து முதல் பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டார். அங்கே என் வரிகளுக்குக் குறுக்கே கோணலாக ஓடுவது அவருடைய கையெழுத்து, உனக்குப் பிரித்துப் படிக்க வராது, நான் பார்த்து எழுதுகிறேன்: "மகளே, நான் நலம். காரின் பூட்டில் மட்டும் சின்னக் கோளாறு. உன் அம்மா எதையும் பெரிதாக்கி எழுதுவாள், நான் முழுதும் படித்துப் பார்த்துவிட்டேன், பிழை ஒன்றும் இல்லை."

இப்படிக்கு,
கதவு திறக்கத் தெரிந்த
உன் அம்மா